ஸூத்சேயரில் இருக்கும் 'ஸூத்' யார் வீட்டுப் பிள்ளை?

ஒரு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும்போது எழுந்ததாக நீங்கள் அனுப்பிய கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், மார்ச் மாத நடுநாளில் ஜாக்கிரதையாக இரு என்று சீசரிடம் ஒருவன் சொல்கிறான். அவனை ஸூத்சேயர் என்கிறார்கள். சேயர் என்றால் சொல்பவர், அது புரிகிறது. ஸூத் என்றால் என்ன? நம்முடைய சோதிடம்தான் அங்கே போய் ஸூத் என்று தேய்ந்துவிட்டதா? க்ரீம், பவுடர் விளம்பரங்களில் வருகிற 'ஸூதிங்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். ஸூத் என்றால் உண்மை. ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகள் புழங்கி, 17ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்த சொல். சோதிடத்தோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. ஸூதிங்கோடு உறவு உண்டு, தாயும் பிள்ளையும். நீங்கள் கேட்காத இன்னொன்று: சோதிடத்தோடு இல்லாத உறவு அதற்குச் சத்தியத்தோடு இருக்கிறது. அவசரம் இல்லாதவர்கள் மேலே படியுங்கள்.

(எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சொல்லைத் தமிழ்ச் சகரம் போட்டு எழுதினால் வீட்டில் பெரியவர்கள் முன்னால் படிக்க முடியாது. அதனால் கிரந்த ஸ போட்டே எழுதுகிறேன்.)

சோதிடத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜ்யோதிஷம் என்பது ஜ்யோதிஸ், அதாவது ஒளி, என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வானத்தில் தெரிகிற ஒளிகளைப் பற்றிய சாத்திரம். அது தமிழில் சோதிடமாகி, பேச்சில் ஜோசியமானது. ஸூத்தில் ஒளியும் இல்லை, வானமும் இல்லை. இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் விழுவதும், ஸூத்சேயர் எதிர்காலம் சொல்கிறவனாக இருப்பதும் சேர்ந்து உங்களை ஏமாற்றியிருக்கின்றன. என்னையும் ஒரு காலத்தில் ஏமாற்றின.

அசல் உறவு காதுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'இரு' என்ற பொருளுக்கு 'எஸ்' என்று ஒரு வேர். ஆங்கிலத்தின் 'இஸ்', லத்தீனின் 'எஸ்ட்', வடமொழியின் 'அஸ்தி' எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. அதே வேரிலிருந்து 'இருக்கிற' என்று நாம் சொல்லும் எச்சத்தைப் போல ஒரு வடிவமும் பிறந்தது. வடமொழியில் அது 'ஸத்' ஆனது. சில வேற்றுமைகளில் உள்ளே ஒளிந்திருக்கும் மெல்லினம் வெளியே வரும்: ஸந்தம், ஸந்தஃ என்று. இந்த ஸத்திலிருந்து ஸத்யம். அதை நாம் சத்தியம் என்று எடுத்துக்கொண்டோம். இருப்பது எதுவோ அதுவே சத்தியம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்ணம்.

இதே வடிவம் வடக்கு ஐரோப்பாவில் ஜெர்மானிய மொழிகளுக்குப் போனபோது ஏறக்குறைய 'ஸந்த்' என்று ஒலித்தது. அந்தக் குடும்பத்தில் ஆங்கிலத்தின் முன்னோர்களுக்கும் அவர்களை ஒட்டிய சில உறவினர்களுக்கும் ஒரு பழக்கம்: 'த்', 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலிகளுக்கு முன்னால் வரும் 'ன்'-ஐ விழுங்கிவிட்டு, அதற்கு ஈடாக முன்னால் இருக்கும் உயிரை நீட்டிவிடுவார்கள். யானைத் தந்தம் நமக்குத் தெரியும். பல் என்ற பொருளில் வடமொழி தந்தம். லத்தீன் வழியில் பல் மருத்துவர் டென்டிஸ்ட். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லோ டூத். நடுவில் இருந்த 'ன்' போயே போய்விட்டது. வடமொழியில் ஹம்ஸம், ஜெர்மனில் கான்ஸ், ஆங்கிலத்தில் கூஸ். வடமொழியில் பஞ்ச, ஜெர்மனில் ஃப்யுன்ஃப், ஆங்கிலத்தில் ஃபைவ். இந்த வரிசையில் ஸந்த்தை வைத்துப் பாருங்கள். தந்த் எப்படி டூத் ஆனதோ அப்படியே ஸந்த் ஸூத் ஆகியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஸோத்' என்று ஒலித்தது. பிற்காலத்தில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் மாறியபோது ஓகாரம் ஊகாரமாக ஏறிக்கொண்டது.

இந்த விழுங்கும் பழக்கம் இல்லாத வடநாட்டு உறவினர்கள் 'ன்'-ஐ அப்படியே வைத்திருக்கிறார்கள். ஸ்வீடிஷில் உண்மையான என்பதற்கு ஸன், டேனிஷில் ஸண்ட், நார்வேஜிய மொழியில் ஸான்ட். நார்வேயில் இருக்கும் நம் ஈழத்து உறவுகளைக் கேட்டுப் பாருங்கள், 'இக்கெ ஸான்ட்?' என்பதை ஒரு நாளைக்கு எத்தனை முறை காதில் வாங்குகிறார்கள் என்று. 'இல்லையா?', 'அப்படித்தானே?' என்று நாம் வாக்கியத்தின் கடைசியில் போடுவதுபோல அவர்கள் போடுவது அது. ஆங்கிலத்தில் இறந்துபோன சொல் பக்கத்து வீட்டில் காபி குடிக்கும்போதெல்லாம் வாயில் வருகிறது.

இங்கே இன்னொரு பொய் ஜாடையையும் சொல்லிவிட வேண்டும். இந்தியில் துறவிகளை 'ஸந்த்' என்பார்கள். ஆங்கில 'ஸெயின்ட்'தான் இப்படி ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஸந்த் என்பது இந்த ஸத்தின் வழி. ஸெயின்ட் என்பது லத்தீன் 'ஸாங்க்டுஸ்' வழி. அது வேறு குடும்பம். ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே ஒலி, ஆனாலும் உறவில்லை. அந்த ஸந்த்துக்கு உண்மையான பங்காளி ஸூத்தான், இரண்டும் கொஞ்சம்கூட ஒத்து ஒலிக்காவிட்டாலும்.

லத்தீன் கிளையில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'இருக்கிற' என்ற அந்த எச்சம் லத்தீனில் தனியாக நின்றபோது 'ஸோன்ஸ்' என்று ஆனது. அதற்குப் பொருள் உண்மை அல்ல, குற்றவாளி. ஏன் அப்படி? 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு 'இருக்கிறது, நான்தான்' என்று ஒப்புக்கொள்பவன் அவன் என்று விளக்குகிறார்கள். இதற்குத் துணையாக ஹிட்டைட் மன்னன் இரண்டாம் முர்ஸிலியின் கொள்ளைநோய் பிரார்த்தனைகளைக் காட்டுவார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்டவன். நாட்டில் கொள்ளைநோய் ஆண்டுக்கணக்கில் விடவில்லை. தந்தை செய்த பாவத்தைத் தெய்வத்தின் முன் ஒப்புக்கொள்ளும்போது அவன் 'அது இருக்கிறது, நாங்கள் செய்தோம்' என்று சொல்கிறான். அங்கேயும் அதே 'எஸ்' வேர். ஆங்கிலத்தில் பாவத்தைக் குறிக்கும் 'ஸின்', ஜெர்மனின் 'ஸ்யூன்டெ' இரண்டும் இந்த வழியில் வந்தவை என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ஆங்கிலத்தில் உண்மையும் பாவமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

லத்தீனில் அந்த எச்சம் தனியாக நிற்காமல் முன்னொட்டோடு சேர்ந்தபோது இன்னும் இரண்டு சொற்கள் பிறந்தன. நாம் எல்லோரும் அவற்றை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம். 'ஆப்ஸென்ட்', 'ப்ரெஸென்ட்'. அந்த 'ஸென்ட்' என்ற வாலும் ஸூத்தும் ஸத்தும் ஒன்று. விலகி இருப்பவன் ஆப்ஸென்ட், முன்னால் இருப்பவன் ப்ரெஸென்ட். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். ஆங்கிலவழிப் பையன் 'ப்ரெஸென்ட் சார்' என்கிறான். தமிழ்வழிப் பையன் 'உள்ளேன் ஐயா' என்கிறான். எனக்கு வகுப்பு நினைவிருக்கிறது: முப்பது 'உள்ளேன் ஐயா'க்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில், நடுவே பக்கத்து பெஞ்ச் நண்பனுக்காகக் குரல் மாற்றிச் சொன்ன ஒரு பொய் 'உள்ளேன் ஐயா'வும்.

இந்த 'உள்ளேன்' என்பதில் இருக்கும் 'உள்' எங்கே போகிறது என்று பாருங்கள். உள், உளது, உள்ளது, உண்டு. அப்புறம் மை விகுதி சேர்ந்து உண்மை. உள்ளத்தால் பேசுவது உண்மை, வாயால் பேசுவது வாய்மை, மெய்யால் நடப்பது மெய்மை என்று பள்ளியில் அழகாகச் சொல்லித் தருவார்கள். பாடமாக நல்ல பாடம்தான், ஆனால் உண்மையின் பிறப்பு அதுவல்ல. உண்மை என்றால் முதலில் உள்ளதாக இருக்கும் தன்மை, இன்மைக்கு எதிர்ச்சொல். தொல்காப்பியம் குறிப்பு வினைகளைச் சொல்லும் இடத்தில் 'அன்மையின் இன்மையின் உண்மையின் வன்மையின்' என்று அடுக்குகிறது. அங்கே உண்மை என்பது பொய்க்கு எதிரே நிற்கவில்லை, இன்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருத்தல் என்ற பொருள் அது.

ஆக, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் 'இரு' என்ற வேரிலிருந்து 'உண்மை' என்ற பொருளுக்குத் தனித்தனியாக நடந்து போயிருக்கின்றன. ஸூத்தைத் தமிழில் ஒரே சொல்லில் பெயர்க்கச் சொன்னால் வாய்மை, மெய் எதுவும் வேண்டாம். உண்மை என்பதே பொருளிலும் பொருத்தம், பிறப்பிலும் பொருத்தம்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ஸோத் சாதாரண நாட்சொல். பேயோவுல்ஃப் காவியத்தில் விருந்து மண்டபத்தில் ஒருவன் நாயகனைச் சீண்டுகிறான். நாயகன் திருப்பிக் கொடுக்கும்போது 'எக்லாஃபின் மகனே, ஸோத்தாகவே உனக்குச் சொல்கிறேன்' என்கிறான். 'உள்ளதைச் சொல்றேன், கேட்டுக்கோ' என்று நம் ஊரில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினால் என்ன தொனியோ அதே தொனி. சுவிசேஷங்களைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இயேசு அடிக்கடி சொல்லும் 'ஆமென்' என்ற தொடக்கத்துக்கு 'ஸோத்லிசெ' என்று போட்டார்கள். தமிழ் வேதாகமத்தில் 'மெய்யாகவே மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்' என்று படித்திருப்பீர்களே, அந்த மெய்யாகவே.

அதே குடும்பத்தில் 'ஃபார்ஸூத்' என்று ஒரு சொல்: உண்மைக்காக, உண்மையாகவே என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்லிஃப் வட்டத்தார் செய்த பைபிள் மொழிபெயர்ப்பில் இது வரிக்கு வரி வந்துகொண்டே இருக்கும். லத்தீனில் 'ஆனால்', 'ஏனென்றால்' என்ற இடைச்சொற்கள் வந்தால்கூட ஒரு ஃபார்ஸூத்தைப் போட்டுவிடுவார்கள். அளவுக்கு மீறிப் புழங்கிய எந்த உறுதிச்சொல்லுக்கும் நடப்பதுதான் இதற்கும் நடந்தது. 'ஆமாம் ஆமாம், இவர் பெரிய மகாராஜா' என்று சொல்லும்போது அந்த 'ஆமாம்' என்ன வேலை செய்கிறதோ அந்த வேலைக்கு ஃபார்ஸூத் இறங்கிவிட்டது. இன்றைக்கு யாராவது அதைச் சொன்னால் ஒன்று கேலி, அல்லது ராஜா ராணி நாடகம்.

ஸூத்சேயர் பக்கம் திரும்பினால், அந்தச் சொல் முதலில் எதிர்காலத்தைப் பற்றியதே அல்ல. 1340-ல் கென்ட் வட்டார வழக்கில் எழுதப்பட்ட ஒரு நூலில் வரும்போது அதற்கு உண்மை பேசுபவன் என்று மட்டுமே பொருள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆங்கிலக் கவிதை ஒன்றில் இரண்டு பாத்திரங்கள். ஒருவன் பெயர் மம்: வாயைத் திறக்காதவன், எந்த வம்புக்கும் போகாதவன். இன்னொருவன் ஸோத்செக்கர்: உள்ளதைச் சொல்கிறவன். அரசனுக்கு யார் வேண்டும் என்பதுதான் கவிதையின் வழக்கு. கவிஞர் உண்மை சொல்பவனைத் தேடி அலைகிறார். கடைசியில் அவனை எங்கே பார்க்கிறார் தெரியுமா? ஒரு கடைக்குள் உட்கார்ந்து தன் காயங்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருக்கிறான். மம் என்பவனோ எல்லா விருந்துக்கும் போய்வருகிறான். 'உள்ளதைச் சொல்பவன் ஊருக்குப் பொல்லாதவன்' என்று நம் பாட்டிகள் நாலு வார்த்தைக்குள் முடித்ததை அவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் முன்னால் ஆங்கிலக் கவிஞர் சாஸரின் கதைத் தொகுப்பில் சமையல்காரர் ஒருவரும் இதையே ஒரு பழமொழியாகச் சொல்கிறார்: ஸூத்தான விளையாட்டு கெட்ட விளையாட்டு என்று ஃப்ளெமிஷ்காரர்கள் சொல்வார்களாம்.

இப்படி இருந்த சொல்லை விரட்டியது யார்? ட்ரூத். அது ஆரம்பத்தில் உண்மை என்ற பொருளுள்ள சொல்லே இல்லை. விசுவாசம், வாக்குத் தவறாமை என்று பொருள். ட்ரஸ்ட், சண்டை நிறுத்தத்தைச் சொல்லும் ட்ரூஸ், நிச்சயதார்த்தத்தில் வரும் ட்ரோத் எல்லாம் அதன் உறவு. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549 வழிபாட்டு நூலில் மணமகன் மணமகளுக்குத் தன் ட்ரோத்தைக் கொடுப்பதாகத்தான் சொல்கிறான். அங்கே தருவது தகவல் அல்ல, வாக்கு. மரத்தைச் சொல்லும் 'ட்ரீ' என்ற சொல்லோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்பார்கள், தேவதாருவில் இருக்கும் தாருவும் அந்த வழிதான்: மரம்போல் அசையாமல் நிற்பது. 14ஆம் நூற்றாண்டில் இந்த ட்ரூத் மெல்ல ஸூத்தின் வேலையையும் பார்க்க ஆரம்பித்தது. நம்பத்தக்க மனிதன் என்பதிலிருந்து நம்பத்தக்க செய்தி என்று பொருள் நகர்ந்தது. இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்தால் ஒருவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதானே. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியோடு ஸூத் பேச்சிலிருந்து போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட்டும் அவர் காலத்தவர்களும் பழைய வாசனைக்காக அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். அதெல்லாம் கொலுவில் வைக்கிற பொம்மை மாதிரி; எடுத்து விளையாட முடியாது.

தமிழில் கதை வேறு மாதிரி போனது. உண்மைதான் பேச்சில் நின்றது. நம் மாநில அரசின் முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' என்று இருக்கிறது. மைய அரசின் முத்திரையில் இருக்கும் 'ஸத்யமேவ ஜயதே' என்பதன் தமிழ் வடிவம் அது. ஆனால் கடைத்தெருவில் யாரும் 'வாய்மையைச் சொல்லு' என்று கேட்பதில்லை. 'உண்மையைச் சொல்லு' என்றுதான் கேட்கிறார்கள், சென்னையில் 'மெய்யாலுமா?' என்றும். முத்திரையில் இருக்கும் அந்த ஸத்யத்துக்கு ஸூத் பங்காளி என்பது லண்டனிலேயே பலருக்குத் தெரியாது. இதே ஸத்யத்தை வைத்து தென்னாப்பிரிக்காவில் காந்தி சத்தியாக்கிரகம் என்ற சொல்லை உருவாக்கினார். தம் போராட்டத்துக்கு ஒரு பெயர் கேட்டு அவர் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. மகன்லால் காந்தி 'ஸதாக்கிரகம்' என்று சொல்ல, காந்தி அதை சத்தியாக்கிரகம் என்று திருத்தினார். அது ஆங்கில அகராதிகளுக்குள்ளும் நுழைந்தது. வீட்டுப் பிள்ளை செத்து முந்நூறு வருடம் கழித்து, பெரியப்பா பேரன் ஒருவன் வெளியூரிலிருந்து வந்து அதே வீட்டில் குடியேறியது போல.

இப்போது ஸூதிங். இதன் மூலமும் ஸூத்தான், ஆனால் வினைச்சொல். ஆங்கிலத்தில் இப்படி இணைகள் உண்டு: ப்ரெத் என்றால் மூச்சு, ப்ரீத் என்றால் மூச்சு விடு; பெயரில் கடைசி ஒலி வன்மையாக ஒலிக்கும், வினையில் மென்மையாகிவிடும். ஸூத்திலும் அப்படியே. அந்த வினையின் முதல் பொருள் உண்மை என்று நிரூபித்தல், ஒன்று உண்மைதான் என்று சாட்சி சொல்லுதல். அங்கிருந்து இன்றைய 'இதமளித்தல்' வரை எப்படி வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒருவர் சொல்வதை 'ஆமாம், உண்மைதான்' என்று ஆமோதிப்பது முதல் படி. ஆமோதிப்பதே தொழிலாகிவிட்டால்? நம் ஊரில் அதற்கு ஆமாஞ்சாமி போடுவது என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் அந்த ஆங்கில வினை அங்கேதான் நின்றது: ஒத்து ஊதுவது, முகத்துக்கு முன்னால் புகழ்வது. இது புதிதாக வந்த வியாதியும் அல்ல. பழைய ஆங்கிலத்திலேயே 'யெஸோத்' என்ற ஒரு சொல் அண்டிப் பிழைத்து முகஸ்துதி செய்பவனைக் குறித்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் கொரியோலேனஸ் நாடகத்தில் புகழ்ச்சி பிடிக்காத ஒரு தளபதி வருகிறான். போர்முரசும் எக்காளமும்கூட முகஸ்துதி செய்ய ஆரம்பித்தால், அரண்மனையும் நகரமும் 'பொய்முகம் கொண்ட ஸூதிங்'காகவே ஆகிவிடட்டும் என்று எரிந்து விழுகிறான். உண்மைக்குப் பிறந்த வினை பொய்முகத்தோடு நிற்கிறது. ஷேக்ஸ்பியரே மாக்பெத்தில், மரங்கள் நடந்து வருகின்றன என்று செய்தி கொண்டுவந்தவனிடம், 'நீ சொல்வது ஸூத்தாக இருந்தால்' என்று எழுதுகிறார். அங்கே கலப்படமில்லாத உண்மை. இரண்டாம் ரிச்சர்டில் 'ஸூத்தான சொற்கள்' என்று எழுதுகிறார். அங்கே தாஜா பண்ணும் இனிப்புச் சொற்கள். ஒரே கையெழுத்தில் சொல் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிறது.

ஒத்து ஊதுவதிலிருந்து இதமளிப்பதற்குப் போக ஒரு எட்டுதான். கல்யாண வீட்டில் பந்தியில் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று பெரியப்பா முகம் சிவந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெண் வீட்டார் சரியில்லை என்கிறார், சமையல் சரியில்லை என்கிறார். பக்கத்தில் போய் உட்காரும் விவரமான ஆள் எதையும் மறுப்பதில்லை. 'நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி பெரியப்பா. இவங்களுக்கு முறையே தெரியல. வாங்க, எனக்கும் பசிக்குது' என்கிறார். பெரியப்பா எழுந்து வந்துவிடுகிறார். அவர் சொன்னதை உண்மை என்று உறுதிப்படுத்தியாயிற்று, பொய்யாகப் புகழ்ந்தும் ஆயிற்று, கோபத்தை ஆற்றியும் ஆயிற்று. மூன்று பொருளும் ஒரே வாக்கியத்தில். ஆங்கில வினை 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மூன்றாவது பொருளுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் மனத்தோடு நிற்காமல் உடல் வலிக்கும் இதமளிக்க ஆரம்பித்தது. அங்கிருந்துதான் உங்கள் க்ரீமும் பவுடரும்.

இந்தப் பயணம் வினோதமாகத் தோன்றினால், தமிழில் 'தேற்று' என்ற சொல்லைப் பாருங்கள். நான் பல வருடம் கவனிக்காமலே பயன்படுத்திய சொல். அழுகிறவரைத் தேற்றுகிறோம். பிதாகரஸ் தேற்றத்தை நிரூபிக்கிறோம். இரண்டும் எப்படி ஒரே சொல்? தேறு என்றால் தெளிவது, உறுதிப்படுவது, நம்புவது. 'தேறற்க யாரையும் தேராது' என்று குறள் சொல்வதில் அது நம்புதல். இலக்கணத்தில் 'இதுவே' என்று உறுதிகாட்டும் ஏகாரத்துக்குத் தேற்ற ஏகாரம் என்று பெயர். கலங்கிய தண்ணீர் தெளிவதும் தேறுதல்தான். ஆற்றில் புதுவெள்ளம் வந்து தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும்போது, மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். மனக்கலக்கத்துக்கும் அதே சொல். உறுதிப்படுத்துவதும் ஆறுதல் சொல்வதும் தமிழில் ஒரே வினையாக இருப்பதால், ஆங்கிலத்தின் இந்த வினையைத் தமிழாக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் தேற்று என்றே எழுதுவேன். ஒரே ஒரு வித்தியாசம்: நம் தேற்றுதலுக்குள் முகஸ்துதி நுழையவில்லை.

ஆங்கிலத்தில் நுழைந்த பொய் வெகுகாலம் தங்கியது. அமெரிக்காவில் 1849 முதல் விற்ற மிஸஸ் வின்ஸ்லோஸ் ஸூதிங் ஸிரப் என்ற மருந்து பல் முளைக்கும் குழந்தைகளின் அழுகையை நிறுத்துவதற்காக வந்தது. உண்மையிலேயே நிறுத்தியது, உள்ளே மார்ஃபின் இருந்ததால். சில குழந்தைகள் தூக்கத்திலிருந்து எழவே இல்லை. புட்டியில் என்ன இருக்கிறது என்று சீட்டில் அச்சிட வேண்டும் என்ற நிலை அங்கே 1906 சட்டத்துக்குப் பிறகே வந்தது.

கவிஞர் கீட்ஸ் செய்த ஒரு கூத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1820-ல் வெளியான அவருடைய கவிதை ஒன்றில் காதலன் நள்ளிரவில் காதலிக்குத் தின்பண்டங்களை அடுக்கி வைக்கிறான். அதில் ஜெல்லிகளைச் சொல்லும்போது, தயிரின் ஏட்டைவிட 'ஸூதர்' என்கிறார். அகராதிப்படி பார்த்தால் 'தயிரைவிட உண்மையான ஜெல்லி' என்று ஆகிறது! வழுவழுப்பு, இதம் என்ற பொருளில் அவராகவே பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றிவிட்டார். பிழை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நாக்கில் போட்டால் அந்தச் சொல்தான் வழுக்குகிறது.

கடைசியாக, நாடகத்தை மொழிபெயர்ப்பதாகச் சொன்னீர்கள். ஸூத்சேயருக்குச் சோதிடர் என்று போடாதீர்கள். சீசரை எச்சரித்ததாக ரோம வரலாற்றாசிரியர் ஸ்வெடோனியஸ் சொல்லும் ஸ்புரின்னா கிரகம் பார்த்தவர் அல்ல. பலி கொடுத்த விலங்கின் குடலைப் பார்த்துக் குறி சொல்பவர். குறிசொல்பவர் என்று எழுதலாம். ஆனால் அது நம் காதில் கோடங்கியையும் குடுகுடுப்பைக்காரரையும் கொண்டுவந்துவிடும், 'நல்ல காலம் பொறக்குது' என்று ஆரம்பிப்பவரை. சிலப்பதிகாரத்தில் இளங்கோவின் அரச லட்சணத்தைச் சபையில் சொன்ன நிமித்திகன் நினைவிருக்கிறானா? அந்தச் சொல் சரியாக உட்காரும். தமையன் செங்குட்டுவன் இருக்க, தம்பிக்குத்தான் அரியணை என்று யாருக்கும் பிடிக்காத ஒன்றை அவையிலேயே சொன்னவன் அவன்.

கல்லூரி நாடகத்தில் எனக்குக் கிடைத்த வேடம் இந்த ஸூத்சேயர்தான். முதல் அங்கத்தில் ஒரே எச்சரிக்கையை இரண்டு தடவை சொல்லிவிட்டு நிற்க வேண்டும். சீசர் 'கனவு காண்பவன், விடுங்கள்' என்று போய்விடுவார். மூன்றாம் அங்கத்தில் திரும்ப வரும்போது சீசர் சிரித்துக்கொண்டே 'மார்ச் நடுநாள் வந்துவிட்டதே' என்பார். அப்போது இவன் நினைத்தால் ஆமாஞ்சாமி போட்டிருக்கலாம். என் ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்று தொங்க, முன்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்க, நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் மனப்பாடம்: 'வந்தது, சீசர். இன்னும் போகவில்லை.'